எண்ணூர் ஹைரோட்டில் கூரை திறக்கும் கார்

வண்டி பிஎம்டபிள்யூ இசட்4 எஸ்டிரைவ்35ஐ. 2009ல் வந்த இ89 தலைமுறை. வங்கி ஏலத்தில் எடுத்தேன். சில வருடங்களாக ராயபுரம், திருவொற்றியூர் பக்கமே ஓடிக்கொண்டிருக்கிறது.

எஞ்சினைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 306 குதிரைத்திறன். 400 நியூட்டன் மீட்டர் இழுவை 1300 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுவதால் மிதிக்கவே தேவையில்லை. ஞாயிறு விடியற்காலையில் டிரெய்லர்கள் குறைவாக இருக்கும்போது எண்ணூர் ஹைரோட்டில் கூரையைத் திறந்து போனால், ஒரு பக்கம் கடல், முன்னால் நீண்ட பானெட். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மீதி எல்லாத் தொல்லையும்.

ஏலத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்றுதான் தருவார்கள். ரோட்டில் ஓட்டிப் பார்க்க விடவில்லை. யார்டிலேயே ஸ்டார்ட் செய்து பார்த்தேன். குறைவாக ஓடிய வண்டி, புதுசு மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் கிலோமீட்டரைத்தான் பார்த்தார்கள். எனக்கு அந்த எண்ணில் பெரிய மரியாதை கிடையாது. நின்ற வண்டியில் ரப்பர் காயும், பேட்டரி படுக்கும், டயர் தட்டையாகும். நான் பார்த்தது பழைய சர்வீஸ் பில்களை. இந்த எஞ்சினில், பெட்ரோலை அதிக அழுத்தத்தில் உள்ளே அனுப்பும் ஹை பிரஷர் ஃப்யூயல் பம்ப் பேர்போன தலைவலி; அமெரிக்காவில் கம்பெனியே அதற்கு வாரண்டியை 10 வருடம், 1,20,000 மைல் என்று நீட்டிக்கொடுத்தது. பம்ப் மாற்றிய பில் கையில் கிடைத்த பிறகுதான் ஏலத்தொகையை ஏற்றினேன்.

அடுத்தது கூரை. அலுமினியத்தில் இரண்டு துண்டு, 20 விநாடியில் மடிந்து டிக்கிக்குள் போய்விடும். டிக்கிக்குள் இருக்கும் தடுப்புத் திரையை இழுத்து மாட்டாவிட்டால் கூரை அசையாது. இது தெரியாமல் ‘மோட்டார் போச்சு’ என்று விலையைக் குறைத்துக் கேட்பவர்களும் உண்டு. மூடியிருந்தால் டிக்கி 310 லிட்டர், திறந்தால் 180. காசிமேட்டில் மீன் வாங்கினால் அன்றைக்குக் கூரை மூடியேதான் வர வேண்டும். சிக்னலில் திறந்தால் பக்கத்து மீன்பாடி வண்டிக்காரர் ‘இன்னாபா, மேல ஒண்ணும் காணோம்?’ என்பார். மூடிக் காட்டச் சொல்லிப் பையன்கள் நிற்பார்கள்.

பராமரிப்பில் கை அதிகம் போகிற இடம் அந்தக் கூரையின் ரப்பர் விளிம்புதான். நம் பக்கத்து உப்புக்காற்றும் நிலக்கரித் தூசும் சேர்ந்து அதன் மடிப்பில் பிசுபிசுவென்று உட்கார்ந்துகொள்கின்றன. ஈரத்துணியால் ஒற்றினால் துணி கரிச்சட்டி துடைத்தது போலக் கறுக்கும். காயவிட்டு சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால், தண்ணீர் வடியும் துளைகளையும் மெல்லிய நைலான் நூலை விட்டுச் சுத்தம் செய்துவிடுவேன்.

உயரம் 1291 மில்லிமீட்டர்தான். கன்டெய்னர் டிரெய்லர் பக்கத்தில் நின்றால் நம் கண்ணுக்கு நேராக அதன் சக்கரத்து நட்டு தெரியும்; மேலே இருக்கும் டிரைவருக்கு நாம் தெரியவே மாட்டோம். அதனால் டிரெய்லரின் இடப்பக்கம் போவதே இல்லை. தரையை ஒட்டிய வண்டி என்பதால் ஸ்பீடு பிரேக்கரில் குறுக்காக ஏற வேண்டும்.

ஸ்டெப்னி கிடையாது. அதற்குப் பதில் கம்பெனி போட்டது, காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர்; அதன் பக்கச்சுவர் இரும்பு மாதிரி. லீவர் போட்டுக் கழற்றும் பஞ்சர் கடையில் அதைத் தொடவே மாட்டார்கள். சாதாரண டயருக்கு மாறி, பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் சின்ன பம்பும் வைத்திருக்கிறேன். சவாரி எவ்வளவோ மேல்.

மைலேஜ் நகரத்துக்குள் ஐந்தாறு. மணலியில் சுத்திகரிப்பு ஆலையே இருக்கிறது, ஆனாலும் நூறு ஆக்டேன் பெட்ரோலின் விலை நமக்கு மட்டும் குறைவதில்லை. சரி, விடுங்கள்.

இதே மாடல் இப்போது ஏலத்தில் வந்தால், 2010 வண்டி என்றால் பதிவு எடுத்து 15 வருடம் ஆகியிருக்கும். எஃப்சி (தகுதிச் சான்று), ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிப்பு, பசுமை வரி எல்லாம் எடுப்பவர் தலையில்தான். ஏலத்தில் எவ்வளவு வரை கேட்பது என்று உச்சவரம்பு போடும்போது அதையும் ஒரு செட் டயரின் விலையையும் முதலிலேயே கழித்துவிடுங்கள்.