அலுமினிய ரெயிலா, வெல்டிங் கேரியரா? உப்புக் காற்றில் நிற்கும் ஜீப்புகளுக்கு ஓர் அலசல்

ஜீப்பின் கூரையிலும் பக்கவாட்டிலும் பொருள் மாட்டுவதற்கு ரெயில் வைப்பதா, பட்டறையில் பைப் வெட்டி கேரியர் அடிப்பதா என்று கேட்டால், ஓசூரில் ஒரு பதில், கடலூரில் வேறு பதில். உள்நாட்டுக்காரர்கள் எடையையும் வலுவையும் பார்த்து முடிவெடுக்கலாம். தேவனாம்பட்டினத்திலோ காலாப்பட்டிலோ வண்டியை நிறுத்துபவர்கள் முதலில் உப்பைப் பார்க்க வேண்டும். என் சாய்வை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: டி-ஸ்லாட் (டி வடிவப் பள்ளம் ஓடும்) அலுமினிய ரெயில், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டோடு. ஆனால் ஒரு உலோகம் இன்னொன்றை நேராகத் தொடக் கூடாது. அந்த ‘ஆனால்’ சரியாக அமையாவிட்டால் அலுமினியத்துக்குக் கொடுத்த கூடுதல் காசு வீண்.

ரெயிலால் என்ன பயன் என்பது சுருக்கமாக முடியும் விஷயம். நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதற்குள் சுத்தித் தலை போல்ட்டை நகர்த்தி எங்கு வேண்டுமோ அங்கே இறுக்கலாம். மண்வெட்டி, மணலில் சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் போடும் பலகை, பக்கவாட்டுப் பந்தல், விளக்கு எதுவானாலும் புதிய ஓட்டை தேவையில்லை. கல்வராயன் மலைக்குப் போகும்போது மாட்டி, திரும்பியதும் கழற்றி வைக்கலாம். வெல்டிங் கேரியரில் தாங்கியை எங்கே வைத்தார்களோ அங்கேதான்.

எடையும் தெரிந்ததே. ஒரு அங்குல எம்எஸ் (சாதாரண இரும்பு) பைப், 2 மில்லிமீட்டர் கனம் என்றால் மீட்டருக்கு 1.1 கிலோவுக்குச் சற்று மேல். முழுக் கூரைக் கேரியருக்கு 15 முதல் 18 மீட்டர் பைப் போகும். வெறும் கேரியரே 20 கிலோவை நெருங்கும். வண்டிக் கையேட்டில் கூரைச் சுமை எவ்வளவு என்று பாருங்கள். சிறிய வண்டிகளில் அந்த எண் சின்னதாகவே இருக்கும், கேரியரின் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இனி உப்பு. கடலை ஒட்டி நிறுத்திய வண்டியில் மழை பெய்தால்தான் துரு பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே அந்த ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். நம் கடற்கரையில் கோடை இரவுகளிலும் அந்த அளவு சாதாரணமாக எட்டும். பகலில் காய்ந்து கிடக்கும் உப்புப் படலம் இரவானதும் உப்புநீர்ப் படலமாகிவிடுகிறது. சொட்டு மழை இல்லாத மே மாதத்திலும் வண்டி தினமும் நனைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உலோக அரிப்புக்கான ஐஎஸ்ஓ 9223 தரத்தில், கடலோரத்துக்குப் பொருந்தும் சி5 வகையில் பூச்சில்லாத இரும்பு முதல் ஆண்டிலேயே 80 முதல் 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை கரையும். பவுடர் கோட்டிங் இருக்கிறதே என்பீர்கள். அது 60 முதல் 80 மைக்ரான் தடிமனுள்ள ஒரு தோல், அவ்வளவுதான். கயிறு உராயும் இடத்திலும் கிளாம்ப் கடிக்கும் இடத்திலும் முதலில் உரியும். வெளியே உரிந்தால் கண்ணுக்குத் தெரியும், தேய்த்து ஜிங்க் பிரைமர் அடித்துக்கொள்ளலாம். பைப்புக்கு உள்ளே நடப்பதுதான் ஆபத்து. பைப்பின் முனையைத் தகடு வைத்து வெல்டிங் செய்து மூடுவார்கள். வெல்டிங்கில் ஊசித் துளை ஒன்று மிஞ்சினால் போதும். பகல் சூட்டில் உள்காற்று விரிந்து வெளியேறும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது உப்பு ஈரத்தை உள்ளே உறிஞ்சும். உள்சுவரில் பூச்சு எதுவும் இல்லை. மேலே கறுப்பாகப் பளபளத்துக்கொண்டே, கேரியரின் கால் வெல்டிங் ஓரத்தில் உள்ளிருந்து மெலிந்துவிடும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள்; ‘ணங்’ என்ற ஒலி ‘டொக்’ என்று மாறியிருந்தால் அங்கே சுவர் போய்விட்டது.

இரும்பே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: முழுக் கேரியரையும் வெல்டிங் முடித்த பிறகு சூடான துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது. 2 மில்லிமீட்டர் பைப்பில் ஏறக்குறைய 55 மைக்ரான் பூச்சு, உள்சுவரிலும் சேர்த்து ஏறும். சி5 சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் போகும், ஆகவே 6 முதல் 13 ஆண்டு வரை தாங்கும். ஒவ்வொரு பைப்பிலும் காற்று வெளியேற ஓட்டை போட்டிருக்க வேண்டும். மூடிய பைப்பைத் தொட்டியில் இறக்கினால் உள்ளே அடைபட்ட ஈரம் நீராவியாகி வெடிக்கும். ரெடிமேட் ஜிஐ (ஏற்கெனவே துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை வாங்கி வெல்டிங் செய்வது இதற்கு ஈடாகாது. வெல்டிங் பட்ட இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகிறது, துரு சரியாக அந்த இடத்தில் தொடங்குகிறது. அந்தப் புகையும் நெஞ்சுக்குக் கெடுதல்.

எஸ்எஸ் பைப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கேட், கைப்பிடிக்கு விற்கும் பைப்பில் பெரும்பகுதி 202 தரம். கடலோரத்தில் சில மாதங்களிலேயே தேநீர்க் கறை போலப் பழுப்புப் புள்ளிகள் வரும். காந்தத்தை வைத்து 304-ஐயும் 202-ஐயும் பிரிக்க முடியாது, இரண்டுமே அநேகமாக ஒட்டாது. கடைக்காரரிடம் சோதனைச் சொட்டு மருந்து இருக்கும்; 202 என்றால் சிவக்கும். 304 தேவலை. உண்மையில் கடலுக்கென்று உள்ளது 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316. முழுக் கேரியரை 316-இல் செய்தவற்றோடு எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அதை அழுத்திச் சொல்ல மாட்டேன். போல்ட்டு மட்டும் 316-ஆக இருப்பதை வற்புறுத்துவேன். தலையில் ‘ஏ4’ என்று பொறித்திருக்கும். ‘ஏ2’ என்றால் 304.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. உப்புநீர்ப் படலத்தில் அலுமினியமும் எஸ்எஸ்ஸும் ஒட்டிக் கிடந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு பேட்டரி ஆகிவிடும், கரைவது அலுமினியம். இதில் பரப்பளவுதான் எல்லாம். பெரிய ரெயிலில் சின்ன எஸ்எஸ் போல்ட்டு என்றால் அரிப்பு மெதுவாக நடக்கும். தலைகீழாக, பெரிய எஸ்எஸ் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் அடித்தால் ரிவெட் சீக்கிரம் பொடியாகிவிடும். பட்டறைகளில் கேட்காமலே அலுமினிய பாப் ரிவெட்டை எடுப்பார்கள், கூடவே நின்று தடுங்கள். வெள்ளைப் பொடி பூத்தால் அரிப்பு ஓடுகிறது என்று பொருள். அந்தப் பொடி இடுக்கில் பெருத்து போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கழற்றப் போனால் தலை முறியும்.

தடுப்பது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். ரெயிலும் இரும்புத் தாங்கியும் சேரும் இடத்தில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஈபிடிஎம் ரப்பர். போல்ட்டுத் தலைக்குக் கீழே எஸ்எஸ் வாஷர், அதற்குக் கீழே நைலான் வாஷர். ஓட்டைக்குள் நைலான் புஷ், போல்ட்டின் தண்டு அலுமினியத்தை உரசாமல் இருக்க. மரையில் லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) கிரீஸ். காப்பர் கிரீஸ் இங்கே வேண்டவே வேண்டாம், செம்பு அலுமினியத்தை எஸ்எஸ்ஸைவிட மோசமாகத் தின்னும். உள்ளே நைலான் வளையம் உள்ள எஸ்எஸ் நைலாக் நட்டை இம்பேக்ட் மிஷினில் இறுக்காதீர்கள். மரை சூடேறி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எம்8 போல்ட்டை டார்க் ரெஞ்சில் 15 நியூட்டன் மீட்டர் அளவில் நிறுத்தலாம். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, 500-இல் ஒருமுறை சரிபார்க்கவும். நட்டுக்கும் ரெயிலுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், தளர்ந்ததைப் பார்வையிலேயே பிடிக்கலாம்.

ரெயில் வாங்கும்போது 6063-டி6 அல்லது 6061-டி6 ரக அலுமினியம் கேளுங்கள், அனோடைசிங் (மேற்பரப்பில் ஏற்றும் ஆக்சைடு காப்பு) 20 மைக்ரானுக்குக் குறையாமல். சோலார் பேனல் மாட்டும் ரெயிலும் பெரும்பாலும் இதே 6063 வகைதான். புதுச்சேரிப் பக்கம் எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. விளக்கு, பந்தல் போன்ற லேசான பொருளுக்கு அதை வைக்கலாம். ஆனால் அதன் சுவர் பல சமயம் 1.5 மில்லிமீட்டர்தான், அசையாத கூரைக்கென்று செய்தது. வண்டியின் அதிர்வில் கிளாம்ப் ஓரத்தில் விரிசல் விடும். தண்ணீர் கேன் மாட்ட 2.5 மில்லிமீட்டருக்கு மேல் சுவர் வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் என்றாலே 20 கிலோ, குழியில் இறங்கும்போது அது இன்னும் பல மடங்கு இழுக்கும்.

டி-ஸ்லாட்டின் குறை அந்தப் பள்ளமேதான். ஆரோவில் செம்மண்ணும் கடற்கரை மணலும் உள்ளே போய் உப்போடு சேர்ந்து இறுகிவிடும். அடிப்பக்கத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு 6 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் நீர் தேங்காது. பயன்படாத நீளத்தில் ரப்பர் பட்டையைச் செருகினால் மண்ணும் போகாது, ஈசிஆரில் 80-இல் போகும்போது விசில் சத்தமும் வராது. கழுவும் தண்ணீரில் கவனம் வேண்டும்: கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவினால் பழைய உப்பு போய்ப் புது உப்பு உட்காரும். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டர் போதும், சந்தேகம் தீர்ந்துவிடும்.

பொருத்துவதில் வண்டிக்கு வண்டி வித்தியாசம் உண்டு. மாருதி ஜிம்னியில் கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய் இருக்கிறது; பக்கத்துக்கு மூன்று கிளாம்ப், ஓட்டையே வேண்டாம். மூன்று கதவு மஹிந்திரா தாரின் ஹார்ட்டாப் கூரை இரும்புத் தகடு அல்ல, அதில் ரிவ்நட் (ஓட்டையில் பதிக்கும், மரையுள்ள ரிவெட்) அடித்துச் சுமை ஏற்றாதீர்கள். ரெயிலின் கால்களை வண்டியின் இரும்பு உடலில் ஊன்றும் அமைப்புதான் சரி. இரும்புத் தகட்டில் ரிவ்நட் அடிப்பதானால் எம்6-க்கு 9 மில்லிமீட்டர் ஓட்டை, எம்8-க்கு 11. அறுத்த விளிம்பில் பிரைமர் காய்ந்த பிறகே பாலியூரித்தேன் சீலன்ட். வினிகர் வாசம் வரும் சிலிக்கானை ஒதுக்குங்கள், அதிலிருந்து வரும் அமிலமே தகட்டை அரிக்கும்.

இரும்பு ஜெயிக்கும் இடங்களும் உண்டு. கூரையில் ஆள் ஏறி நிற்க வேண்டும், ஸ்டெப்னியை மேலே போட வேண்டும், பாறைச் சரிவில் கேரியர் இடிபடும் என்றால் துத்தநாகத்தில் முக்கி எடுத்த எம்எஸ் கேரியர்தான். வளைந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் நிமிர்த்தலாம். பண்ருட்டி போல உள்ளே தள்ளி வண்டி நிற்கிறது என்றாலும் என் உப்புக் கணக்கு பாதி தளர்ந்துவிடும்.

விற்கும்போது கிளாம்ப் ரெயிலைக் கழற்றிக்கொண்டு வண்டியை முன்பிருந்தபடியே கொடுக்கலாம். வெல்டிங் தழும்பையும் ஓட்டையையும் காட்டி விலை குறைப்பார்கள். சட்டப்படி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பக்கவாட்டு ரெயில் வண்டியின் அகலத்தைத் தாண்டி நீட்டக் கூடாது. முன்பக்க இரும்பு கார்டை இந்த ரெயிலோடு சேர்த்துப் பேசாதீர்கள். அதற்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒரு ஞாயிறு காலை ஒதுக்குங்கள். எல்லா போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையைத் துடைத்து, லானோலின் தடவி, நசுங்கிய நைலான் வாஷரை மாற்றித் திரும்ப மாட்டவும். ஆறு கால் உள்ள அமைப்புக்கு இரண்டு மணி நேரம் ஆகும். எந்தப் போல்ட்டு வர மறுக்கிறதோ, அந்த இடத்தில் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.