பெயர்ட் 240 வரியா, ஈஎம்ஐ 405 வரியா?

1936 நவம்பர் 2 முதல் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் பிபிசி தன் தொலைக்காட்சி ஒளிபரப்பில் பெயர்ட், ஈஎம்ஐ ஆகிய இரண்டு நிறுவனங்களின் முறைகளையும் மாறி மாறி ஓட்டியது. ஒரு படத்தை எத்தனை கிடைக்கோடுகளாகப் பிரித்து வருடுகிறது என்பதே இந்த வரிக்கணக்கு. பெயர்ட் முறையில் பெரிய ஸ்டுடியோ காட்சிகள் முதலில் ஃபிலிமில் பதிவாகும். அதை அங்கேயே கழுவி, சயனைடு கரைசலில் நிலைப்படுத்தி, ஈரம் காயாமலே ஸ்கேன் செய்ய ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடிக்கும். கழுவும் தொட்டியோடு பிணைந்த கேமராவை நகர்த்தவே முடியாது. நொடிக்கு 25 படம்தான் என்பதால் திரை மினுங்கும்.

ஈஎம்ஐயின் எமிட்ரான் கேமராவில் காட்சி நேராகவே மின்குறியாகும். ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என நொடிக்கு 50 தடவை வருடுவதால் மினுக்கம் குறைவு. குறை இதிலும் உண்டு: தெறிக்கும் எலெக்ட்ரான்கள், கேமராவுக்குள் காட்சி விழும் மொசைக் தகட்டிலேயே திரும்ப விழுவதால், படத்தில் கறைபோல் நிழல் படியும், ஒருவர் குமிழ்களைத் திருகித் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் கேபிள் எட்டும்வரை வெளியே கொண்டுபோகலாமே! 1937 பிப்ரவரியில் பெயர்ட் முறை நின்றது. மே 12 அன்று மன்னர் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு ஊர்வலத்தை ஹைட் பார்க் கார்னரிலிருந்து எமிட்ரான்களே நேரடியாகக் காட்டின.