எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு உண்ணல் கோளாறுக் கணிப்பீடு: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிவது

இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்தவரிடம் உண்ணல் கோளாறு இருக்கலாமா என்று பார்க்கும் ‘ஸ்கொஃப்’ கேள்வித்தாளை மட்டும் நீட்டினால் முடிவு பிழைக்கும். 1999இல் இங்கிலாந்தில் வெளியான அந்தத் தாளில் ஐந்தே கேள்விகள். இரண்டுக்கு ‘ஓம்’ என்றால் மேலும் விசாரிக்க வேண்டும். மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா என்பது ஒன்று. ஸ்லீவோ (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டிக் குழாய்போல் ஆக்குவது) பைபாஸோ (சிறு இரைப்பைப் பையைக் குடலோடு இணைப்பது) செய்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் முதல் மூன்று மாதத்தில் அவ்வளவு குறைந்துவிடும். சாப்பாடு உங்கள் வாழ்க்கையை ஆளுகிறதா என்பது இன்னொன்று. நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம், சாப்பிட்டு அரைமணி வரை தண்ணீர் இல்லை, கல்சியத்துக்கும் இரும்புக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் என்று கணக்குப் பார்த்தே வாழ வேண்டியவர் இதற்கு வேறு என்ன பதில் சொல்வார்? வயிறு முட்டுவதால் வாந்தி எடுக்கிறீர்களா என்ற கேள்வியிலும் இதே சிக்கல். கோளாறே இல்லாதவரும் ‘சந்தேகத்துக்குரியவர்’ ஆகிவிடுவார்.

எதிர்ப்பக்கத் தவறுதான் ஆபத்தானது. 110 கிலோவிலிருந்து 74க்கு வந்தவர் நாளெல்லாம் ஒரு கப் சூப்போடு நின்றாலும், தராசைப் பார்ப்பவர்கள் ‘நல்லா இறங்கியிருக்கு’ என்று பாராட்டி அனுப்பிவிடுவார்கள். எடை இன்னும் ‘அதிகம்’ என்ற வரம்புக்குள் இருப்பவருக்கும் அனொரெக்சியாவின் (எடை கூடுமென்ற பயத்தில் பட்டினி கிடக்கும் கோளாறின்) அதே பயமும் அதே பட்டினியும் அதே உடற்சேதமும் வரலாம். எனவே எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதை விட, ஏன் அவ்வளவோடு நிறுத்துகிறார் என்று கேட்கும் கணிப்பீடுதான் பயன்படும்.

அப்படிக் கேட்பது ‘ஈடிஈ’ (Eating Disorder Examination) என்ற நேர்முகம்தான். இதில் கடைசி 28 நாட்களை மையமாக வைத்து விசாரிப்பார்கள். சத்திரசிகிச்சை செய்தோருக்கெனத் திருத்திய வடிவமும் இருக்கிறது. திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்றால், 2013இல் வந்த, அமெரிக்க மனநல நோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5 வரையறைப்படி கட்டுப்பாடிழந்து உண்ணலுக்கு ‘வழக்கத்துக்கு மீறிய பெரிய அளவு’ வேண்டும். புதிதாக ஸ்லீவ் செய்த இரைப்பையில் 100 முதல் 150 மில்லிலீற்றர்தான் அடங்கும். அங்கே பெரிய அளவுக்கு இடமே இல்லை. அதனால் அளவை ஒதுக்கிவிட்டு, ‘நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போனதா?’ என்று கேட்க வேண்டும். நான்கு பிஸ்கட்டோடு அது நடந்திருந்தாலும் கணக்கில் வரும். நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பது, மென்று துப்புவது, இரவில் எழும்பிச் சாப்பிடுவது ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் தாமாகச் சொல்வதில்லை.

அதிகம் குழம்பும் இடம் வாந்தி. பிட்டு, பாண், ரொட்டி, குழையாத சோறு, காய்ந்த இறைச்சி ஆகியவை சிறிய இரைப்பையில் எளிதாகச் சிக்கும். நெஞ்சு நடுவில் அழுத்தம், வாயில் நுரை நுரையாக எச்சில், பிறகு மென்றது அப்படியே மேலே வருதல்: இது வேகமாகச் சாப்பிட்டதால் அல்லது சரியாக மெல்லாததால் வரும். சிலர் அழுத்தம் தாங்காமல் விரலை விட்டு எடுப்பார்கள். அங்கேதான் கேள்வி தொடங்குகிறது. அழுத்தம் போனதும் நிம்மதியா, அல்லது ‘அது உடம்பில் சேரவில்லை’ என்பதில் நிம்மதியா? சிக்காத தயிரையும் சொதியையும் குடித்த பிறகும் வாந்தி எடுக்கிறாரா? அழுத்தம் போக எடுக்கும் பழக்கம், உடம்பில் சேராதிருக்க எடுப்பதாக மாற அதிக நாள் பிடிக்காது. ஆகவே ஒருமுறை கேட்டு ‘இல்லை’ என்று எழுதியதோடு விட்டுவிடக்கூடாது.

மனநலக் கேள்விகளுக்கு முன், அல்லது கூடவே, எண்டோஸ்கோப்பி (கமராக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்ப்பது) பற்றிப் பேச வேண்டியதும் இதனால்தான். பைபாஸ் இணைப்பு சுருங்கியிருக்கலாம், ஸ்லீவின் நடுவில் மடிப்பு விழுந்திருக்கலாம், டைக்ளோபெனக் போன்ற வலிக்குளிசைகளால் புண் வந்திருக்கலாம். திண்ம உணவு இறங்காதவர் நாளடைவில் ஐஸ்கிரீம், தொதல், தேநீரில் நனைத்த பிஸ்கட் என்று இறங்குவதை மட்டும் நம்பி வாழத் தொடங்குவார். பார்க்க அது இனிப்பு மோகம் போலிருக்கும். அடைப்பை விரித்துவிட்டால் பலருக்கு அந்தப் பழக்கமும் தளரும். இனிப்புச் சாப்பிட்டு அரைமணிக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றோட்டம் வந்தால் அது டம்பிங், அதாவது உணவு குடலுக்குள் மிக வேகமாகக் கொட்டுவது. ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் கழித்து நடுக்கமும் கடும் பசியும் வந்தால் இரத்தச் சீனி இறங்கியிருக்கிறதா என்று குத்திப் பார்க்க வேண்டும். இரண்டையும் பதற்ற நோய் என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. சத்திரசிகிச்சை பெரும்பாலும் கொழும்பில் நடந்திருக்கும். தொடர் கவனிப்பு இங்கே நடக்கும். போகும்போது டயக்னோசிஸ் காட் (ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும்போது தரும் நோய் விபர அட்டை) கட்டாயம் வேண்டும். ‘வயிற்றில் ஒப்பரேஷன்’ என்று சொன்னால் ஸ்லீவா பைபாஸா என்று இங்குள்ள வைத்தியருக்குத் தெரியாது. மாதவாரியான எடை, விற்றமின் பெட்டிகள், பழைய இரத்தப் பரிசோதனைத் துண்டுகள் ஆகியவற்றையும் கொண்டுபோங்கள். அதோடு இரண்டு வாரக் குறிப்பு: நேரம், உணவு, அளவு (தேக்கரண்டி, தேநீர்க் கோப்பை போதும்), சிக்கியதா, வாந்தி தானாக வந்ததா எடுத்ததா, சாப்பிட முன் என்ன மனநிலை. கலோரி எழுத வேண்டாம். எண்ணுவதே நோயாகிவிட்டவருக்கு அது நோய்க்குத் தீனி.

அம்பாறையில் வைத்தியர் சிங்களத்தில் பேசினால் உறவினர்தான் மொழிபெயர்ப்பார். மாமியாரை வைத்துக்கொண்டு ‘நான் விரலை விட்டு வாந்தி எடுக்கிறேன்’ என்று எந்தப் பெண்ணும் சொல்லப் போவதில்லை. தமிழ் தெரிந்த தாதியைக் கேளுங்கள், பத்து நிமிடமாவது தனியே பேச விடச் சொல்லுங்கள். நாங்கள் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். தனிமை கிடைக்காத நேர்முகத்தில் வரும் ‘இல்லை’களுக்கு மதிப்பில்லை.

விரதத்தையும் நோன்பையும் நேராகக் கேட்க வேண்டும். கந்தசஷ்டி ஆறு நாளும் றமழான் மாதமும் வழிபாடு. அவற்றைக் கோளாறு என்று எழுதுவது அநியாயம். ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு திடீரென்று வெள்ளி, செவ்வாய், சனி என்று விரதங்கள் பெருகினால், நோன்பு திறந்த பிறகும் சாப்பிடாமல் இருந்தால், வைத்தியர் வேண்டாம் என்றும் விட மனமில்லாமல் பயம் வந்தால், அதன் அடியில் என்ன இருக்கிறதென்று மரியாதையோடு விசாரிக்க வேண்டும்.

உடற்பரிசோதனையில் பொட்டாசியம், மக்னீசியம், பொஸ்பேற், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, விற்றமின் டி, ஈசிஜி, படுத்தும் எழும்பியும் எடுத்த பிரஷர் ஆகியவை இருக்க வேண்டும். பல் அரிப்பும் கன்னத்துச் சுரப்பி வீக்கமும் வாயால் சொல்லாததைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டுவது மட்டும் கோளாறுக்கு அடையாளம் அல்ல. வேகமாக எடை குறையும் யாருக்கும் அது வரும்.

நாட்கணக்கில் வாந்தி, கூடவே இரட்டைப் பார்வை, நடை தள்ளாட்டம், குழப்பம் என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக்கூடாது. 1990 அம்புலன்ஸை அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ‘இரைப்பை சத்திரசிகிச்சை செய்தவர், தயமின் (விற்றமின் பி1) ஊசி தேவைப்படலாம்’ என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் மூளைப் பாதிப்பு கூடலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம், எந்நேரமும் இயங்கும்.

ஒருமுறை ‘ஒன்றுமில்லை’ என்று வந்த முடிவு நிரந்தரமல்ல. முதல் வருடத்தில் பசி மங்கியிருக்கும், எடையும் இறங்கிக்கொண்டிருக்கும். ஒன்றரை, இரண்டு வருடமளவில் எடை நின்று ஒன்றிரண்டு கிலோ திரும்பும்போதுதான் கட்டுப்பாடிழந்து உண்பதும் அதற்குப் பரிகாரமாகப் பட்டினி கிடப்பதும் பலரிடம் தலைதூக்கும். அந்தக் காலத்தில் மறுபடி கணிப்பீடு கேளுங்கள். மதுவைப் பற்றியும் அப்போது கேட்கப்பட வேண்டும். பைபாஸுக்குப் பிறகு குறைந்த அளவிலேயே போதை வேகமாக ஏறும்.

சிகிச்சை தொடங்கினால் முதல் வேலை மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறு உணவு. எடை பார்ப்பது வாரத்துக்கு ஒன்று, அதுவும் கிளினிக் தராசில். மனநல வைத்தியர் குளிசை எழுதினால் பைபாஸ் செய்ததை ஞாபகப்படுத்துங்கள். மெதுவாகக் கரையும் வகைக் குளிசைகள் சுருக்கிய குடற்பாதையில் முழுதாக உறிஞ்சப்படாமல் போகலாம். சாதாரண வகையோ திரவ வகையோ உண்டா என்று அங்கேயே கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.