மெத்தை நல்லது, சில்லுத்தான் எரிந்தது: வாடகைக் கரவனில் ஒரு மன்னார்ப் பயணம்

யாழ்ப்பாணத்தில் வாடகைக்குக் கரவன் (வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற, படுக்கை, அடுப்போடு கூடிய பெட்டி) எடுத்து இழுத்துக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஐந்தில் இரண்டு நட்சத்திரம், அந்த இரண்டும் மெத்தைக்கும் குளியலறைக்கும். தந்தவரின் பெயரைப் போடவில்லை. ஒற்றைப் பெட்டியை வைத்துப் பிழைக்கிற மனிதர், வைப்புக் காசில் பிடித்ததில் பாதியைக் கடைசியில் திருப்பியும் தந்துவிட்டார்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு அக்கா குடும்பம் கனடாவில் இருந்து வந்திருந்தது. ஹோட்டல் வேண்டாம், கரவனில் போய் மன்னாரில் இரண்டு இரவு நின்று திருக்கேதீச்சரம், பெருக்கமரம் எல்லாம் பார்த்துவிட்டு வருவோம் என்பது அத்தானின் யோசனை. அங்கே ட்ரெய்லர் இழுத்துப் பழகியவர். எங்கள் டபுள் கப் வாகனத்தில் பெட்டி இழுக்கிற கொழுவி ஏற்கெனவே பூட்டி இருந்தது. அம்மா பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ரக்ரர் பெட்டிக்குக் கூரை போட்டமாதிரிக் கிடக்கு" என்றார். அப்போது எல்லோரும் சிரித்தோம்.

உள்ளே உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது. விரிப்பெல்லாம் தோய்த்து மடித்து வைத்திருந்தார்கள், குளியலறையில் மணம் இல்லை, காஸ் அடுப்பு முதல் தட்டிலேயே பற்றியது. சின்னவன் மேல்கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்று நின்றான் (ஓடும்போது உள்ளே ஆட்கள் இருக்கக்கூடாது, அவனை இழுத்து இறக்க ஒரு சொக்லேட் செலவு). ஆனால் தந்தவர் அரை மணி நேரமாகக் காட்டியது முழுக்க லைற், தண்ணீர்க் குழாய், கட்டிலை மடிக்கிற விதம் இவ்வளவுதான். சில்லுப் பக்கம் அவரும் போகவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதல் பிழை எங்களுடையது. அக்காவின் மூன்று சூட்கேஸ், தண்ணீர்க் கான்கள், அரிசி, கதிரைகள் எல்லாவற்றையும் இடம் இருக்கிறதே என்று பெட்டியின் பின்பக்கமாக அடுக்கிவிட்டோம். நாவற்குழியால் திரும்பித் தனங்கிளப்பு தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. கேரதீவு தாண்டி சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறினதும் சோளகக் காற்று வலப்பக்கத்தால் அடித்தது. பாலம் 288 மீற்றர்தான், அன்றைக்கு அது முடியவே இல்லை. எதிரே ஒரு லொறி கடந்த கையோடு பெட்டி வாலை ஆட்டத் தொடங்கியது, கண்ணாடியில் அதன் பின்மூலை ஒருக்கால் இடப்பக்கமும் ஒருக்கால் வலப்பக்கமும் எட்டிப் பார்க்கிறது. நான் பிரேக்கில் காலை வைக்கப் போக அத்தான் கத்தினார்: "மிதியாத! அக்ஸிலேற்றரை மட்டும் விடு, ஸ்ரேறிங்கை நேராப் பிடி!" வேகம் தானாகக் குறைய ஆட்டமும் நின்றது. 2011இல் இந்தப் பாலம் திறக்க முதல் இதே இடத்தைப் பாதையில் (வாகனம் ஏற்றுகிற மிதவையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கடந்தவர் அம்மா. "பாதை இவ்வளவு ஆடயில்லை" என்று ஒரே ஒரு வசனம் மட்டும் சொன்னார்.

இறங்கின பிறகு அத்தான் விளக்கினார். கொழுவிக் குமிழில் பெட்டியின் மூக்கு ஓரளவு அழுத்திக்கொண்டு இருக்க வேண்டும், ஐரோப்பியப் பெட்டிகளுக்கு மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள், கனடாப் பக்கம் 10 முதல் 15 வரை சொல்வார்கள். பின்னுக்குப் பாரம் கூடினால் மூக்குத் தூக்கும், பிறகு காற்றுக்கும் லொறிக்கும் பெட்டி ஆடத்தான் செய்யும். லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் நெல்மூடை ஏற்றுகிறவன் எவனுக்கும் இது பாலபாடம். வீதியோரம் நின்று எல்லாவற்றையும் சில்லுக்கு நேர் மேலே, தரையோடு மாற்றி அடுக்கினோம். அதற்குப் பிறகு ஆட்டம் இல்லை.

ஆனால் மணம் வந்தது.

பூநகரி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் கையைக் காட்டி நிற்பாட்டினார். பெட்டியின் இடப்பக்கச் சில்லில் இருந்து புகை. நடுக்கும்பத்தைத் தொடப் போன அத்தான் விரலை எடுத்து வாய்க்குள் வைத்துக்கொண்டார். அந்த மோட்டார் சைக்கிள்காரர்தான் பக்கத்து ஒழுங்கையில் ரக்ரர் திருத்துகிற ஐயாவிடம் எங்களை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோய்ச் சேர்த்தார். தகரக் கொட்டில், நாலைந்து உழவு இயந்திரம், பெயர்ப்பலகை கூட இல்லை. ஐயா ஜாக் வைத்துத் தூக்கி, அச்சுக்குக் கீழே பனங்குற்றி கொடுத்து, சில்லைக் கழட்டி, கிறீஸ் மூடியைத் தட்டி எடுத்தார். உள்ளே கிறீஸ் இல்லை. செங்கல் தூள் மாதிரி ஒன்றுதான் கொட்டியது. பெயாரிங் உருளைகள் இரண்டு பிளந்து, இரும்பு நீலமாகிக் கிடந்தது.

"தம்பி, இது ஓடித் தேஞ்சதில்லை. நிண்டு துருப்பிடிச்சது. எத்தினை மாதமாச் சும்மா விட்டவங்கள்?"

பிறகு ரயரையும் காட்டினார். தரையில் படுகிற பூ நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பக்கச் சுவரில் நகம் போகிற அளவுக்கு வெடிப்பு, அங்கே பொறித்திருந்த குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2214. என்றால் 2014ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்த ரயர். இவ்வளவு பழைய ரயரைத் தந்துதான் கட்டில் விரிப்பைத் தோய்த்து வைத்திருக்கிறார்கள்.

பெயாரிங் வளையத்தில் வெட்டியிருந்த எண்ணைத் துடைத்துக் குறித்துக்கொண்டு ஐயாவின் மகன் மோட்டார் சைக்கிளில் பரந்தன் போய், அங்கே கிடைக்காமல் கிளிநொச்சி போய் வாங்கி வர மூன்று மணித்தியாலம் ஆனது. அம்மாவுக்குச் சில்லைப் பற்றிக் கவலையே இல்லை, குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த இரண்டு கிலோ ஆட்டிறைச்சிதான் பிரச்சினை. கரவன் குளிர்சாதனப் பெட்டி காஸிலும் ஓடும், ஆனால் மட்டமாக நின்றால்தான் ஒழுங்காகக் குளிரும், எங்களுடையது பனங்குற்றியில் ஒருபக்கம் தூக்கி நிற்கிறது. கடைசியில் இறைச்சி ஐயா வீட்டு அடுப்புக்குப் போனது. அவருடைய மனைவி மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு போட்டார், அம்மா கறி வைத்தார், கொட்டிலுக்குப் பக்கத்து வேம்பின் கீழ் பதினொரு பேர் சாப்பிட்டோம். மன்னாரில் சாப்பிட்டது எதுவும் எனக்கு நினைவில்லை.

மற்றச் சில்லையும் கழட்டிக் கிறீஸ் போட்டுத் தந்தார். கூலி 4,000 ரூபா, சாமான் காசு புறம்பு. கூடக் கொடுக்கப் போனதை வாங்கவில்லை. "ஒரு இருவது கிலோமீற்றர் ஓடி நிற்பாட்டிக் கையை வைச்சுப் பாருங்கோ, உள்ளங்கை தாங்கினாப் பயமில்லை" என்றார். பள்ளமடுவிலும் பிறகு திரும்பி வரும்போதும் நின்று நின்று தொட்டுப் பார்த்தோம், இளஞ்சூடுதான்.

திருப்பிக் கொடுக்கப் போனால், வேகமாக ஓடியிருப்பீர்கள் என்று வைப்புக் காசில் 20,000 ரூபாவைப் பிடித்துவிட்டார். பழைய பெயாரிங்கை ஷொப்பிங் பையில் கொண்டு போயிருந்தேன். மேசையில் கொட்டினேன், துரு மேசை விரிப்பில் பரவியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் பத்தைத் திருப்பித் தந்தார். புது ரயர் போட்டால் சொல்லுங்கோ, இன்னொரு நட்சத்திரம் போடுகிறேன் என்று சொல்லி வந்திருக்கிறேன், இன்னும் அழைப்பு வரவில்லை.

பெயாரிங்கை அவரிடம் விடவில்லை. அத்தான் அதைக் கனடாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு எடுத்து வைத்தார். நிறை கூடுகிறது என்று அக்கா அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு அந்த இடத்தில் ஒடியல்மாவை வைத்தா.