சீட் பெல்ட் அறுக்கும் கருவி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கார் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டாலோ கவிழ்ந்தாலோ சீட் பெல்ட்டை அறுத்து, கண்ணாடியை உடைத்து வெளியே வரலாம் என்று சொல்லி, ஆரஞ்சு நிறச் சிறு சுத்தியல்களை இணையத்தில் விற்கிறார்கள். தலையில் கூர்முனை, கைப்பிடியின் அடியில் ஒரு பிளேடு. அப்படி ஒன்றைத் தங்கையின் காருக்காக 299 ரூபாய்க்கு வாங்கினேன். மழைக்காலத்திலும் இரண்டு குழந்தைகளோடு சென்னைச் சுரங்கப்பாதைகள் வழியாகப் போய்வருகிறவள் அவள். அவளிடம் கொடுக்கும் முன் சோதித்துவிட வேண்டும் என்று, புதுப்பேட்டையில் பழைய சீட் பெல்ட் ஒன்றும் பின்கதவுக் கண்ணாடி ஒன்றும் வாங்கி வந்தேன்.

பெல்ட்டை ஜன்னல் கம்பியில் கட்டி, விறைப்பாக இழுத்துப் பிடித்து அறுத்தேன். ஓரத்தில் நாலைந்து இழைகள் அறுந்தன. அதற்குமேல் பெல்ட் மடங்கி, பிளேடு இருக்கும் இடுக்கில் சிக்கிக்கொண்டது. பலமாக இழுத்ததும் பிளேடே சரிந்து கைப்பிடிக்குள் போய்விட்டது. பிரித்துப் பார்த்தால், பென்சில் சீவியில் இருப்பதைப் போன்ற மெல்லிய தகடு. அதைத் தாங்கி நின்றது பிளாஸ்டிக்கில் இறக்கிய ஒரே ஒரு சிறு திருகு.

கண்ணாடியிலும் அதே கதைதான். மூலையில் ஓங்கி அடித்தும் வெள்ளைப் புள்ளிகள்தான் விழுந்தன, முனை மழுங்கிப்போனது. அட்டையில் ‘டங்ஸ்டன் கார்பைடு முனை’ என்று அச்சடித்திருந்தார்கள். அரத்தால் உரசினேன். மேல்பூச்சு உரிந்து, இரும்புத்தூள் உதிர்ந்தது. கார்பைடு எஃகைவிடக் கடினமானது என்பதால், உண்மையான கார்பைடில் சாதாரண அரம் வழுக்கிக்கொண்டுதான் போகும்.

விற்றவரிடம் படங்களோடு முறையிட்டேன். ‘பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது’ என்று பதில் வந்தது. அறுக்காத கருவி என்பதை அறுத்துப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையில் தயாரித்தவர் பெயரும் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரியும் இல்லை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அதைச் சுட்டிக்காட்டி, விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் பதிவு செய்தேன். அதன்பிறகுதான் பணம் வந்தது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் காரின் கண்ணாடியைப் பாருங்கள். கதவுக் கண்ணாடியின் மூலையில் சிறிய எழுத்தில் டெம்பர்ட் அல்லது லேமினேட்டட் என்று பெரும்பாலும் இருக்கும். டெம்பர்ட் என்றால் ஒரு புள்ளியில் சரியான அடி விழுந்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். லேமினேட்டட் கண்ணாடியின் நடுவே பிளாஸ்டிக் படலம் இருப்பதால் விரிசல் விட்டாலும் வழி விடாது. முன்கண்ணாடி எப்போதும் இந்த வகைதான், அதில் சக்தியை வீணாக்காதீர்கள். அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. வாகன ஓட்டிகள் சங்கம் 2019இல் ஆறு கருவிகளைச் சோதித்தபோது, நான்குதான் டெம்பர்ட் கண்ணாடியை உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. சுத்தியல் வகையைவிட, அழுத்தினால் ஸ்பிரிங் விசையில் முனை பாயும் வகை நன்றாக வேலை செய்தது என்பதும் அதில் தெரிந்தது. தண்ணீருக்குள் கையை ஓங்கி வீச முடியாது என்பதால் எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

பெல்ட்டுக்கு, ஆம்புலன்ஸ் ஊழியர்கள் துணியை வெட்டப் பயன்படுத்தும் வளைந்த கத்தரிக்கோலே போதும். சர்ஜிக்கல் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கீழ் அலகின் நுனி மழுங்கலாக இருப்பதால் குழந்தையின் உடம்புக்கும் பெல்ட்டுக்கும் இடையே பயமில்லாமல் நுழைக்கலாம். மடக்குக் கத்தியை மட்டும் வேண்டவே வேண்டாம். பதற்றத்தில் அது பெல்ட்டுக்கு முன் தொடையைக் கிழித்துவிடும். எதை வாங்கினாலும் பழைய பெல்ட் ஒன்றில் வெட்டிப் பாருங்கள். பெல்ட் போட்ட நிலையிலேயே ஓட்டுநரின் கை எட்டும் இடத்தில் இறுக்கமாகப் பொருத்துங்கள். டிக்கியில் கிடப்பது இருந்தும் இல்லாததுதான்.

தங்கையின் காரில் இப்போது அந்தக் கத்தரிக்கோலும் ஸ்பிரிங் கருவியும் இருக்கின்றன. நான் திருப்பி அனுப்பிய சுத்தியல் அதே படத்தோடு, அதே ‘கார்பைடு’ வாசகத்தோடு இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஆரஞ்சுக் கைப்பிடி, கறுப்புத் தலை, பிளேடைப் பிடிக்க ஒற்றைத் திருகு: உங்கள் காரில் இருந்தால் உடனே மாற்றுங்கள்.