வால்வு ஆம்ப் சர்விஸ்: ஊரில் கிடைத்த நல்ல கைகள்

இந்த முறை ஊருக்குப் போனபோது எனக்கு முக்கியமான வேலை ஒன்று இருந்தது. அப்பாவின் வால்வு ஆம்ப்ளிஃபையரை, அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் (வால்வு) ஒலியைப் பெருக்கும் கருவியை, சரிசெய்து ஓடவைக்க வேண்டும். இடது பக்கம் கரகரக்கிறது, அரை மணி நேரத்தில் சத்தம் அடங்கிப்போகிறது என்று தம்பி போனில் சொல்லியிருந்தான். ஸ்பீக்கரை ஓட்டும் நான்கு இஎல்84 வால்வுகள், அதற்கு முன் சிக்னலைப் பெருக்கும் மூன்று இசிசி83, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையராக ஒரு ஜிஇசட்34 உள்ள பழைய ஸ்டீரியோ ஆம்ப் அது. பக்கத்துக்குப் பத்து வாட்தான் என்றாலும், மனிதக் குரலை அது தரும் விதத்தை வேறெதிலும் நான் கேட்டதில்லை. அதனால் வெளிநாட்டிலிருந்தே ஒரு செட் இஎல்84 வாங்கிக் கைப்பையில் கொண்டுபோனேன். வால்வு கொண்டுபோகிறவர்கள் அட்டைப்பெட்டியோடு குமிழித்தாளில் சுற்றிக் கைப்பையில் வைப்பதே நல்லது. விமான நிலைய எக்ஸ்ரேயால் அதற்கு ஒன்றும் ஆகாது. கீழே விழுந்தால்தான் ஆபத்து.

முதலில் கொண்டுபோன கடையில் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "எல்லா வால்வையும் மாத்திடலாம் சார், செட்டா நாங்களே தர்றோம்" என்றார்கள். எது கெட்டது என்று கேட்டேன், பதில் இல்லை. காட்டிய வால்வுகளில் பழைய ஐரோப்பியப் பெயர் பளிச்சென்று இருந்தது, ஆனால் பின்களில் சாக்கெட் தேய்த்த கீறல்கள். பயன்படுத்தாத பழைய சரக்கு என்றால் பின்கள் அப்படி இருக்காது. பெயரை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். மல்லார்டு என்றால் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் தொழிற்சாலைக் குறியீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெலிஃபுங்கன் இசிசி83 என்றால் பெரும்பாலும் பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே ஒரு சிறு வைர வடிவம் இருக்கும். உள்ளே வெள்ளிபோல் மின்னும் பூச்சு வெண்மையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வால்வு தீர்ந்தது. அந்தக் கடையில் எதையும் வாங்காமல் ஆம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் உறவினர் ஒருவர் சொல்லி, வீட்டிலேயே வேலை பார்க்கும் வயதான ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவரைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். நான் கொண்டுபோன புது வால்வுகளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். "புதுசைக் கடைசியில போடுவோம் தம்பி. மொதல்ல அளந்து பாப்போம்" என்றார்.

சேஸியை, அதாவது ஆம்பின் உலோக அடித்தட்டை, கவிழ்த்ததும், மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்களில் மிச்சமிருந்த மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்தார். சுவிட்சை அணைத்த பிறகும் அங்கே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், அது ஆளைக் கொல்லும். பிறகு மின்சாரம் அளவுக்கு மீறிப் பாயாமல் தடுக்கும் சீரிஸ் பல்பு வழியாக மெதுவாக உயிர் கொடுத்து, நான்கு இஎல்84களின் கேத்தோடு (வால்வுக்குள் எலெக்ட்ரான்கள் கிளம்பும் முனை) வோல்டேஜைக் குறித்தார். என் ஆம்பில் ஒவ்வொன்றின் கேத்தோடிலும் 270 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. மூன்று வால்வுகளில் பத்தரை வோல்ட் சுற்றி, அதாவது 39 மில்லிஆம்பியர் அளவில். நான்காவதில் 16 வோல்ட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. அது கிட்டத்தட்ட 60 மில்லிஆம்பியர். எலெக்ட்ரான்கள் போய்ச் சேரும் முனையான பிளேட், இஎல்84இல் தாங்குவது 12 வாட்தான். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம், பிளேட் மங்கலாகச் சிவந்திருந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை அசர வைத்தது. ஆம்பை அணைத்து அந்த வால்வை உருவிவிட்டு, ஆம்பை மட்டும் மறுபடி ஓடவிட்டு, காலி சாக்கெட்டில் இரண்டாம் பின்னை, அதாவது வால்வில் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டை, அளந்தார். அங்கே ஏறக்குறைய பூஜ்யம் இருக்க வேண்டும். ஆறு வோல்ட் பாசிட்டிவ் இருந்தது. வால்வே இல்லாதபோது அந்த வோல்டேஜ் வால்விலிருந்து வந்திருக்க முடியாது. முந்தைய நிலையிலிருந்து சிக்னலை மட்டும் கடத்த வேண்டிய கப்ளிங் கண்டென்சர் டிசியையும் கசியவிட்டிருக்கிறது. கடைக்காரர்கள் சொன்னபடி செட்டை மாற்றியிருந்தால் புது வால்வும் அதே இடத்தில் சில வாரங்களில் வெந்திருக்கும். காலி சாக்கெட்டில் பூஜ்யம் காட்டி, வால்வைச் செருகியதும் பாசிட்டிவ் ஏறினால்தான் வால்வைச் சந்தேகிக்க வேண்டும் என்று விளக்கினார்.

நான்கு கப்ளிங் கண்டென்சர்களையும் 630 வோல்ட் ஃபிலிம் வகைக்கு மாற்றினார். இசிசி83களை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். கரகரப்பு கூடவே நகரவில்லை. பென்சிலால் லேசாகத் தட்டியும் பார்த்தார், மணி அடிப்பதுபோல் எதுவும் ஒலிக்கவில்லை. அவற்றையும் ஜிஇசட்34ஐயும் தொடவே வேண்டாம் என்றார். நானும் அதையே சொல்வேன். இசிசி83 போன்ற முதல்கட்ட வால்வுகள் பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும். பழைய ஜிஇசட்34 நன்றாக இருக்கும்போது அதைக் கழற்றிவிட்டு டயோடு போடச் சொல்பவர்கள் உண்டு. மற்ற வால்வுகள் சூடாகும்வரை காத்திருந்து மெதுவாக உயர் வோல்டேஜை ஏற்றித்தரும் வேலையை டயோடு செய்யாது.

வெந்துபோன இஎல்84க்கு மாற்றாக அவருடைய இழுப்பறையிலிருந்து பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரை போட்ட பழைய சரக்கு வந்தது. அந்த நிறுவனம் 1961இல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கியது. அத்தனை காலத்துக்குப் பிறகும் அட்டைப்பெட்டி கலையாமல் அவரிடம் இருந்ததைப் பார்க்க மனசு நிறைந்தது. கையில் வந்ததை அப்படியே போட்டுவிடவில்லை. வால்வுகள் ஜோடியாக எதிரெதிர்த் திசையில் வேலைசெய்யும் புஷ்புல் ஆம்பில் ஜோடியின் இரண்டு வால்வும் ஏறக்குறைய ஒரே மின்னோட்டம் இழுத்தால்தான், அவற்றை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் டிசி சமன்படும். ஒவ்வொன்றாகச் செருகி அளந்து, இடது பக்கத்துக்கு 10.5, 10.7 வோல்ட் காட்டிய இரண்டைத் தேர்ந்தெடுத்தார். நான் கொண்டுபோனதையும் அதே சாக்கெட்டில் அளந்து, பெட்டிமேல் எண்களை எழுதி ஸ்பேராகத் தந்தார். இன்றைய தயாரிப்பு வாங்க நினைப்பவர்கள் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சராடோவ் தொழிற்சாலைச் சரக்கு ஆகியவற்றைத் தயங்காமல் பார்க்கலாம். எங்கு வாங்கினாலும் மில்லிஆம்பியர் எண்ணைக் கேளுங்கள். "டெஸ்ட் ஓகே" என்ற ஸ்டிக்கர் போதாது.

இன்னொன்றையும் கவனித்துச் சரிசெய்தார். பின்பக்க வோல்டேஜ் தேர்வு 220இல் இருந்தது. சுவரில் அன்று 241 வந்துகொண்டிருந்தது. வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3க்குப் பதில் 6.9 வோல்ட் போய்க்கொண்டிருந்தது. 240க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. 120 வோல்ட் நாட்டிலிருந்து ஆம்ப் கொண்டுவருகிறவர்கள் செருகுவதற்கு முன்னால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தம்பியிடம் மூன்று விஷயம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஸ்பீக்கர் கம்பி கழன்றிருக்கும்போது ஆம்பைப் போடக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பிளேட் சிவந்தால் உடனே அணைக்க வேண்டும். மூடியைத் திறக்கிற வேலை அந்தப் பெரியவருக்கு மட்டும்தான்.