வெள்ளவத்தைத் துவாய்க் கடை: துவாய் வாங்கலாம், சாரம் வேண்டாம்

காலி வீதியில் பஸ்ஸால் இறங்கி கடல் பக்கம் போகிற ஒழுங்கைக்குள் இருக்கிற சின்னக் கடை. உள்ளூரில் நெய்த துவாய், சாரம், பெட்ஷீட் மட்டும்தான்.

துவாய் 1,450 ரூபா. புறக்கோட்டையில் இறக்குமதித் துவாய் 900க்குக் கிடைக்கும், வாங்கியும் பார்த்தேன், மூன்றாம் தோய்ச்சலிலேயே தும்பு தும்பாய்க் கொட்டி பாத்ரூம் வடிகானை அடைத்துவிட்டது. இந்தக் கடைத் துவாய் ஆறு மாதமாய் அப்படியே இருக்கிறது. முதல் இரண்டு தரம் தண்ணீரை உறிஞ்சாது, பிறகு சரி. சாரம்தான் மோசம். நீலச் சாரத்தோடு வெள்ளைச் சேர்ட்டை ஊறப்போட்டேன் (என் பிழையும்தான்), சேர்ட் இப்போது வான நிறம். கொண்டுபோய்க் காட்டினால் கடைக்கார ஐயா சிரிக்கிறார். மாற்றித் தரவில்லை, பிளேன்டீ தந்தார்.

அவர் முன்பு ஒரு துணி மில்லில் பிட்டர், மெஷின் திருத்துகிறவர். தறியில் பெல்ட் நழுவினால் ஓட்டுகிறவர் தொடக்கூடாது, பிட்டர் வரும்வரை நிற்க வேண்டும், அது தொழிற்சங்கம் எழுதி வாங்கின ஒப்பந்தமாம். "இரண்டு நிமிச வேலை தம்பி, நான் போய்ச் சேர அரை மணித்தியாலம்." 1977இல் அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட, வெளிநாட்டுத் துணி மலிந்து மில்லே பூட்டுப்படும் என்ற பயம் வந்ததும் சங்கமே அந்த விதியை விட்டுக்கொடுத்ததாம். அதே ஆட்கள், அதே தறி, துணி மட்டும் கூட வந்ததாம்.

புளுகுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அமெரிக்க, கனேடிய இரும்புத்தாதுச் சுரங்கங்களிலும் 1980களில் இதே கதைதான். பிரேசில் தாது சிக்காகோ பக்கம் மலிவாய் வந்து போட்டி போட, வருடக்கணக்காய் அசையாமல் கிடந்த ஆள்வீத உற்பத்தி சில வருடங்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. யார் எதைத் திருத்தலாம் என்ற விதிகள் தளர்ந்ததுதான் பெரிய காரணம். பலருக்கு வேலையும் போனது, அதையும் சொல்ல வேண்டும்.

அதற்காகச் சங்கத்தைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இதே வெள்ளவத்தையில் இருந்த நெசவு மில்லில் 1933இல் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா முன்னுக்கு நிற்க வேலைநிறுத்தம் நடந்தது கூலி வெட்டுக்காகத்தான். பிட்டரின் வேலையையும் அதே கூலிக்குச் செய் என்றால் யார்தான் விதி கேட்கமாட்டார்கள்? விட்டுக்கொடுத்த பிறகு சம்பளம் கூடினதா என்று ஐயாவிடம் கேட்டேன். "ஓவர்டைம் குறைஞ்சது" என்றார்.

காசு மட்டும்தான், கார்ட் எடுக்கமாட்டார். போயா அன்று பூட்டு.